வீடு இருக்கட்டும், முதலில் கரை

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. முனீஸ்வரர் அருளால் இங்கு எல்லோரும் நலம். மழை விட்டதும் அப்பாவின் முழங்கால் வலி குறைந்துவிட்டது. அரிவாளைத் தீட்டிக்கொண்டு அறுப்புக்கு இறங்கிவிட்டார். உன் தங்கை வயலுக்குச் சோறு கொண்டுபோயிருக்கிறாள். வீட்டில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து எழுத உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்து ஊர்ப் பையன் ஒருவன் அடுத்த வாரம் மலேசியாவின் கிள்ளானுக்குத் திரும்புகிறான்; அவனிடம் இதைக் கொடுத்தனுப்புவேன். போனில் பாதிப் பேச்சிலேயே லைன் அறுந்துவிடுகிறது. அப்பா பக்கத்தில் இருக்கும்போது இதைப் பேசவும் முடியாது.

இங்கே கட்ட வேண்டுமென்று நீ அனுப்பிய வீட்டுப் படத்தைப் பார்த்தோம். மூன்று அறை, சிமெண்டுத் தரை, முன்னால் அகலமான திண்ணை, மேலே பச்சைத் தகரம். அழகாகத்தான் இருக்கிறது. தங்கச்சியைப் பெண் பார்க்க வருகிறவர்கள் மூங்கில் தட்டி வீட்டைப் பார்த்து முகம் சுளிக்கக்கூடாது என்று நீ சொன்னதும் எனக்குப் புரிகிறது. ஆனாலும் சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறேன். வீட்டுக்கென்று நீ சேர்த்துவைத்திருக்கும் பணத்தில், ஊரில் நம் பங்குக்கு வருகிற தொகையை இந்த வருஷம் ஓடைக்கரைக்குக் கொடு. வீடு இன்னும் இரண்டு வருஷம் தாங்கும். கரை அடுத்த ஐப்பசியைத் தாங்காது.

நீ இங்கே பிறந்து வளர்ந்தவன், ஊரை உனக்கு விவரிக்க வேண்டியதில்லை. முப்பத்துச் சொச்சம் வீடுகள். மேலண்டைப் பக்கம் நம்மவர்கள், கீழண்டைப் பக்கம் பர்மாக்காரர்கள். நடுவில் அரசமரம், அதன் ஒருபுறம் முனீஸ்வரர் மேடை, மறுபுறம் அவர்களுடைய நத் தேவதைக் கூண்டு. ஆனால் நீ விவரம் தெரிந்த நாளிலிருந்து பள்ளிக்கும், பிறகு யாங்கோன் பக்கத்துத் தோங்குவா டவுனில் கடை வேலைக்கும் போய்வந்த பிள்ளை. கரை இருக்கிறது என்பது உனக்குத் தெரியும். அது எப்படி நிற்கிறது என்பதைப் பக்கத்தில் இருந்து பார்க்க உனக்கு நேரம் வாய்க்கவில்லை. அதனால்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

நம் வயல்கள் இருக்கிற மட்டம் பெரிய ஓதத்தில் கடல் பொங்கும்போது ஓடையில் ஏறுகிற நீர் மட்டத்தைவிடத் தாழ்வு. மொட்டமா வளைகுடாவில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வருகிற ஓதத்துக்கு ஏற்றமும் இறக்கமும் 6 மீட்டருக்கு மேல் போகும். அந்தத் தண்ணீர் ஆற்றில் நுழைந்து, ஆற்றிலிருந்து ஓடைக்குள் நுழைந்து, நம் கரையில் வந்து முட்டுகிறது. மழைக்காலத்தில் ஆற்றுநீர் அதைத் தள்ளிக்கொண்டிருப்பதால் உப்பு தெரிவதில்லை. புரட்டாசி, ஐப்பசியில் மழை ஓய்கிறது, ஆற்றின் வேகம் தணிகிறது, ஓதமோ அப்போதுதான் உயரமாக வருகிறது. நெல் பால் பிடிக்கும் நேரமும் அதுவே. வருஷத்தில் நாம் தூக்கம் கெடுகிற நாட்கள் அவைதான்.

கரையை உடைப்பது பெரிய அலை என்று நினைக்காதே. நண்டுதான் உடைக்கிறது. விரல் நுழைகிற அளவு ஒரு வளை. ஓதம் ஏறும்போது அதன் வழியாகத் தண்ணீர் கசிந்து உள்பக்கம் ஈரமாகத் தெரியும். அதைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பார் அப்பா. கசிகிற தண்ணீர் தெளிவாக இருந்தால் அவசரம் இல்லை, காலையில் மண் வைத்து மிதித்துவிடலாம். கலங்கலாக வந்தால் உள்ளேயிருந்து மண்ணை அரித்துக்கொண்டு வருகிறது என்று அர்த்தம். அந்த இடத்திலேயே வெட்டிக் களிமண் அடைக்க வேண்டும். விளக்கைக் கீழே பிடித்துக்கொண்டு கரை நெடுக நடந்து, தண்ணீரின் நிறத்தைப் பார்த்து, வாயில் வைத்துத் துப்பி, மறுபடி நடப்பார். உன் தாத்தாவும் அப்படித்தான் நடந்தார்.

பிறகு மதகு. இரண்டு பக்கத் தூணிலும் காடி வெட்டி, பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கியிருப்பது உனக்கு நினைவிருக்கும். வெளிவரிசை ஒன்று, உள்வரிசை ஒன்று, நடுவில் களிமண். மழைத்தண்ணீர் வயலில் மிஞ்சும்போது ஓதம் இறங்குகிற நேரம் பார்த்து மேல் பலகைகளைத் தூக்கி வெளியே விட வேண்டும். ஏறத் தொடங்குமுன் இறக்கிவிட வேண்டும். அரை மணி தவறினாலும் உப்பு உள்ளே வந்துவிடும். இப்போதிருப்பவை நர்கிஸ் புயலுக்குப் பிறகு போட்ட பிங்காடோ மரப் பலகைகள். ரயில் பாதைக்கு அடியில் போடுகிற உறுதியான மரம்தான், ஆனாலும் ஓட்டைப் புழு கீழ் மூன்று பலகையைத் தேன்கூடாக்கிவிட்டது. கத்தி முனையை வைத்தால் உள்ளே போகிறது.

இந்த ஐப்பசிப் பௌர்ணமிக்கு என்ன நடந்தது என்று உனக்குச் சொல்லவில்லை. நீ அங்கே வேலையில் இருக்கும்போது கவலைப்படுவாய் என்று அப்பா தடுத்துவிட்டார். மதகுக்குத் தெற்கே கரை உட்கார்ந்துவிட்டது. நாங்கள் சாக்கில் மண் நிரப்பி அடுக்குவதற்குள் தாழ்ந்த வயல்களில் தண்ணீர் கணுக்கால் அளவு வந்துவிட்டது. நம் தெற்கு வயலும் அதில் ஒன்று. சில நாளில் நெல்லின் இலை நுனி வெளுத்துக் காய ஆரம்பித்தது. கதிர் வந்தது, மணி இல்லை. நல்ல வருஷத்தில் ஏக்கருக்கு 60 கூடைக்குக் குறையாத வயல் அது. இந்த வருஷம் 20 தேறினால் பெரிது. கூடைக்கு 46 பவுண்டு நெல் என்று போட்டு நீயே கணக்குப் பார்த்துக்கொள். மேட்டு வயல்கள் தப்பித்தன, சாப்பாட்டுக்குக் குறைவில்லை. அதற்காக நீ பதற வேண்டாம்.

இதற்கு முன்னாலும் கரை உட்கார்ந்திருக்கிறது, ஓட்டை விழுந்திருக்கிறது. ஆனால் ஒவ்வொரு தைக்கும் ஊர் ஆண்கள் சேர்ந்து மண் போட்டு உயர்த்தினார்கள். போன தலைமுறையில் வீட்டுக்கு இரண்டு ஆள் இறங்குவார்கள். பிரம்புக் கூடையில் களிமண் ஏற்றி, காவடிக் கம்பில் இருபுறமும் தொங்கவிட்டு, வரிசையாக ஓடுவார்கள். புத்த மடத்துப் பெரிய போங்கியே கரையில் வந்து உட்கார்ந்து கணக்குப் பார்ப்பார். மதியம் மடத்திலிருந்து மொஹிங்கா நூடுல்ஸ் வரும், நம் பக்கத்திலிருந்து மோர் போகும். நீயும் பதினான்கு பதினைந்து வயதில் இரண்டு மூன்று வருஷம் கூடை சுமந்தவன்தான். தோள் தோல் உரிந்து வந்து எண்ணெய் தடவச் சொன்னாய்.

அந்தத் தோள்கள் இப்போது ஊரில் இல்லை. மலேசியாவிலும் தாய்லாந்திலும் இருக்கின்றன. 2024 பிப்ரவரியில் கட்டாய ராணுவச் சேவைச் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவருவதாக அறிவித்தார்கள். 18 முதல் 35 வயது வரை ஆண்கள் என்று சொன்னதும் ஒவ்வொரு வீட்டிலும் என்ன நடந்தது என்பதை நான் எழுத வேண்டியதில்லை. நீ போனதுதான் சரி. அதில் எனக்கு இன்றுவரை மறு எண்ணம் இல்லை. நீ போன அதே மாதத்தில் கீழண்டைத் தெருவிலும் நான்கு பையன்கள் போனார்கள். போன தையில் கரையில் மண் போட வந்தவர்கள் எல்லோரும் ஐம்பதைத் தாண்டியவர்கள், அல்லது பெண்கள். உன் தங்கையும் சுமந்தாள், நானும் சுமந்தேன். கரை முழுவதற்கும் எட்டவில்லை. எட்டாமல் விட்ட இடம்தான் ஐப்பசியில் உட்கார்ந்தது.

ஆகவே கூலிக்கு மண் வெட்டுகிற பேக்கோ எந்திரம் பிடிக்கலாம் என்று ஊரில் பேசியிருக்கிறார்கள். நாலைந்து நாள் வேலை என்கிறார் எந்திரக்காரர். ஓடைப்பக்கம் களிமண் எடுத்துக் கரையை இரண்டு முழம் உயர்த்தி, உட்கார்ந்த இடத்தை அடியிலிருந்து வெட்டி மறுபடி கட்ட வேண்டும். கரையின் காலடியிலேயே மண் தோண்டினால் அடுத்த மழையில் எல்லாம் சரிந்துவிடும். தள்ளித்தான் எடுக்க வேண்டும் என்று அப்பா ஒன்றுக்கு மூன்று தரம் சொல்லிவைத்திருக்கிறார். எந்திர வாடகை, டீசல், மதகுக்குப் புதுப் பலகை, எல்லாவற்றையும் கூட்டி ஏக்கர் கணக்கில் பங்கு போட்டிருக்கிறார்கள். வயல் இல்லாத வீடுகளும் குளத்துக்காகக் கொஞ்சம் கொடுக்கின்றன. நம் பங்கு எவ்வளவு என்று தனித் தாளில் எழுதி உள்ளே வைத்திருக்கிறேன்.

குளம் என்றேன். கரையைப் பற்றி என் பயமெல்லாம் குளத்தில்தான் வந்து முடிகிறது. வயல் போனால் ஒரு வருஷ நெல் போகும். குளம் உப்பானால் ஊர் இருக்க முடியாது.

நம் பூமியில் கிணறு வெட்டினால் உப்புநீர்தான். வானத்திலிருந்து விழுவதைக் குளத்தில் பிடித்து, வைகாசி வரை வைத்துக் குடிக்கிறோம். அதனால்தான் குடிநீர்க் குளத்தைச் சுற்றி வேலி, செருப்போடு இறங்கக்கூடாது, குளிக்கக்கூடாது, துணி அலசக்கூடாது, மாடு கிட்டே வரக்கூடாது. இந்தச் சட்டத்தை எழுதி வைத்தவர் யாரும் இல்லை. நம் பிள்ளைகளும் பர்மாக்காரர் பிள்ளைகளும் நடை பழகும்போதே கற்றுக்கொள்கிறார்கள். பங்குனியில் கடைசிப் படிக்கட்டும் வெளியே தெரிய ஆரம்பிக்கும். அப்போது விடியுமுன் போய், சேறு கலங்காமல் கொட்டாங்கச்சியால் மொண்டு மொண்டு டின்னில் ஊற்ற வேண்டும். ஒரு டின் நிறைய எவ்வளவு நேரம் ஆகும் என்று உனக்குத் தெரியும், உன்னை வரிசையில் உட்காரவைத்துவிட்டு நான் வேறு வேலைக்குப் போயிருக்கிறேன். வீட்டுக்குக் கொண்டுவந்து படிகாரம் போட்டுத் தெளியவைத்தால் அடியில் ஒரு விரற்கடை மண் நிற்கும். அந்தத் தண்ணீருக்கு ஒரு ருசி உண்டு, மகனே. புட்டித் தண்ணீரில் அது இல்லை.

சித்திரை பிறக்கும்போது பட்டணத்தில் குழாய் வைத்துத் தண்ணீர் பீய்ச்சித் திஞ்ஞான் கொண்டாடுகிறார்கள். நமக்கு வருஷப் பிறப்பு, அவர்களுக்குத் தண்ணீர்த் திருவிழா, இரண்டும் ஒரே வாரம். குளம் மிகவும் வற்றியிருக்கும் வாரமும் அதுவே. இங்கே ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் தண்ணீர், அதில் ஒரு நாவல் தழை. தழையை நனைத்துத் தோளில் தெளிப்பார்கள், அவ்வளவுதான். மேலண்டை வீட்டுத் தாத்தா மேல் கீழண்டை வீட்டுப் பெண் அப்படித் தெளித்துவிட்டுக் கும்பிட்டு நிற்பாள், அவர் தலையில் கைவைத்து ஆசி சொல்லுவார். எத்தனை பெரிய ஊரில் கொண்டாடினாலும் இதைவிட நேர்த்தியாகக் கொண்டாட முடியாது என்பது என் எண்ணம்.

2008 மே 2-ஆம் தேதி இரவு நர்கிஸ் அடித்தபோது உனக்கு ஏழு வயது. காற்றில் கூரை போனதும் முனீஸ்வரர் மேடையில் ஒண்டிக்கொண்டதும் உனக்கு நினைவிருக்கும். நாடு முழுவதும் இறந்தவர்களும் காணாமல் போனவர்களும் சேர்ந்து சுமார் 1,38,000 பேர். பெரும்பாலும் ஐராவதிக் கழிமுகத்தில் இருந்தவர்கள். நம் ஊரில் உயிர் போகவில்லை. ஆனால் ஓடை கரை ஏறிக் குளத்தில் பாய்ந்தது. காலையில் பார்த்தால் மீன் மிதக்கிறது, தண்ணீரை வாயில் வைக்க முடியவில்லை. மழை பிடிக்குமுன் குளத்தை இறைத்துக் காயவைத்தால்தான் பிழைப்பு என்று கூரை வேய்வதை விட்டுவிட்டு ஊரே குளத்தில் இறங்கியது. ஒரு பம்புசெட்டு, மீதியெல்லாம் வாளி. இறைத்து, அடிச்சேற்றை வழித்து வெளியே போட்டு, முதல் மழையைப் பிடித்து அதையும் ஒருமுறை வெளியேற்றி, அதற்குப் பிறகு விழுந்ததைத்தான் குடித்தோம். தலைக்குமேல் கூரையில்லாத ஜனங்கள் குளத்தை முதலில் பார்த்தார்கள். நான் இப்போது கேட்பதும் அதே வரிசையில்தான்.

அன்றைக்கு இறைக்க ஆள் இருந்தது என்பதையும் நீ யோசிக்க வேண்டும்.

உளுந்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீ அனுப்புவது போக நம் கையில் காசு புரளுவது அதில்தான். நெல் அறுத்த ஈரம் காயுமுன் உளுந்தைத் தூவி உழுகிறோம். அதற்குப் பிறகு ஒரு சொட்டுத் தண்ணீர் பாய்ச்சுவதில்லை, மண்ணில் மிஞ்சிய ஈரமும் மார்கழிப் பனியும்தான் அதை வளர்க்கின்றன. மாசியில் பறித்துக் களத்தில் அடித்து மூட்டை கட்டினால், தோங்குவா தரகர் வந்து கையில் அள்ளிப் பார்த்து விலை சொல்லுவார். யாங்கோனில் கப்பலேறுகிற உளுந்தில் பெரும்பகுதி இந்தியாவுக்குத்தான் போகிறது. சென்னையில் மாவரைக்கிற எத்தனையோ வீடுகளில் இந்தச் சேற்றில் விளைந்தது இட்டிலியாகிறது என்பதை நினைக்க எனக்கு எப்போதும் சந்தோஷம். அதனாலேயே அங்கே ஒரு முடிவெடுத்தால் இங்கே நம் அடுப்பில் தெரியும். 2017 ஆகஸ்டில் உளுந்துக்கும் பாசிப்பயறுக்கும் சேர்த்து வருஷத்துக்கு 3 லட்சம் டன் என்று இந்தியா இறக்குமதிக்கு வரம்பு போட்டதும் விலை படுத்துவிட்டது. உன் படிப்பை நிறுத்திக் கடைக்கு அனுப்பியது அந்தக் கஷ்டத்தில்தான். பிறகு 2021-இல் ஆண்டுக்கு 2.5 லட்சம் டன் உளுந்து வாங்குவதாக ஐந்து வருஷத்துக்கு ஒப்பந்தம் போட்டார்கள், கொஞ்சம் மூச்சு வந்தது. அந்த ஒப்பந்தம் 2026 மார்ச் வரைக்கும்தான். விலை நம் கையில் இல்லை. விளைச்சலாவது கையில் இருக்க வேண்டும். உப்பு ஏறிய மண்ணில் உளுந்து முளைத்து இரண்டிலை விட்டதும் கருகிவிடும். நெல்லாவது கொஞ்சம் தாக்குப்பிடிக்கும்.

போன தடவை பேசும்போது, எல்லாவற்றையும் விற்றுவிட்டு யாங்கோனில் ஓர் அறை எடுத்துக்கொண்டால் என்ன என்று கேட்டாய். அப்பா பதில் சொல்லாமல் போனை என்னிடம் கொடுத்துவிட்டார். கோபம் என்று எடுத்துக்கொள்ளாதே. அவருக்குச் சொல்ல வரவில்லை, நான் சொல்கிறேன்.

இந்த நிலத்துக்கு நம் ஆட்கள் முதலாளியாக வரவில்லை. கொள்ளுத்தாத்தா ராமநாதபுரத்திலிருந்து மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கிக் கப்பலேறி வந்தவர். கானசோ மரக்காட்டையும் கோரைப்புல்லையும் வெட்டி வயலாக்கிய கூட்டத்தில் அவரும் ஒருவர். கரையின் அடிமண் அவர்கள் போட்டது. 1930-களில் நெல் விலை விழுந்தபோது கீழ் பர்மாவின் முக்கியமான நெல் மாவட்டங்களில் கால்பங்கு நிலம் வரை செட்டியார்கள் கைக்குக் கடனில் போனது. நாம் அவர்களுடைய குத்தகைக்காரர்களாக இருந்தோம். 1942-இல் ஜப்பான்காரன் வந்தபோது லட்சக்கணக்கான நம் ஜனங்கள் நடந்தே இந்தியாவுக்குப் போனார்கள். கொள்ளுத்தாத்தா போகவில்லை. சுதந்திரத்துக்குப் பிறகு 1948-லும் 1953-லும் நில தேசியமயச் சட்டங்கள் வந்தன, உழுகிறவன் கையில் நிலம் நின்றது. 1964-ஐ ஒட்டிக் கடைகளும் பணமும் போய், நம்மவர்கள் கப்பல் கப்பலாக ஊர் திரும்பினார்கள். பெரிய தாத்தா குடும்பம் அப்படித்தான் சென்னைக்குப் போனது. போனவர்களில் சிலர் மனம் கேட்காமல் தரைவழியாகத் திரும்ப முயன்று எல்லை தாண்ட முடியாமல் மணிப்பூர் மோரேயிலேயே குடியேறினார்கள் என்று கேட்டிருப்பாய். உன் தாத்தா அப்போதும் இங்கேயே இருந்தார். காரணம் கேட்டால், "ஐப்பசி வருகிறது, கரையை யாரிடம் விட்டுவிட்டுப் போவது" என்பாராம்.

அதற்குப் பிறகும் லேசாக இருந்துவிடவில்லை. 2003 வரை அரசாங்கத்துக்கு அளக்க வேண்டிய நெல் என்று ஒன்று இருந்தது. அவர்கள் சொன்ன விலைக்கு, அவர்கள் சொன்ன அளவு. உப்பு ஏறி விளையாத வருஷம் சந்தையில் அதிக விலைக்கு நெல் வாங்கி, குறைந்த விலைக்கு அளந்துவிட்டு வந்திருக்கிறார் அப்பா. என் காதுத்தோடு அப்படிப் போனதுதான். 2012-இல் விவசாய நிலச் சட்டம் வந்து, நிலத்தை உழும் உரிமைக்கான ஏழாம் எண் படிவம் நம் பெயருக்குக் கிடைத்தபோது, அந்தத் தாளைச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்தார். இன்றும் அங்கேதான் இருக்கிறது. அந்த மனிதரிடம் நிலத்தை விற்பதைப் பற்றிப் போனில் கேட்டால் என்ன சொல்லுவார்? நீ நல்லதற்குத்தான் கேட்டாய், அவருக்கும் அது தெரியும்.

அப்படியானால் அப்பாவே ஏன் உன்னிடம் பணம் கேட்கவில்லை என்பாய். ஊர்க்கூட்டத்தில் எல்லோரும், "உங்கள் பையன் வெளிநாட்டில் இருக்கிறான், எழுதிப் போடுங்கள்" என்றார்கள். "அவன் சூட்டில் நின்று சம்பாதிக்கிற காசு, வீட்டுக்கென்று வைத்திருக்கிறான், நான் கை வைக்கமாட்டேன்" என்று சொல்லிவிட்டு, உழுகிற ஜோடி எருமையில் ஒன்றை விற்கத் தரகரைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். ஒற்றை எருமையை வைத்து அடுத்த வருஷம் எதை உழுவது? டிராக்டர் வாடகை கொடுத்து மாளுமா? அது நடக்குமுன் உனக்குத் தெரியவேண்டும் என்றுதான் இந்தக் கடிதம். நான் எழுதியது அவருக்குத் தெரிந்தால் நாலு நாள் பேசமாட்டார், அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

தங்கச்சி விஷயம். அவளிடமே கேட்டேன். "வருகிறவன் வீட்டைப் பார்க்கிறவனா, வயலைப் பார்க்கிறவனா என்று நானும் தெரிந்துகொள்ள வேண்டாமா" என்றாள். உன் தங்கைக்கு வாய் அதிகம், ஆனால் புத்தி தெளிவு. பீலிக்கான் அங்காள பரமேஸ்வரி கோயில் திருவிழாவுக்குப் போனபோது ஒரு நல்ல குடும்பம் விசாரித்தார்கள். முதலில் கேட்டது நிலத்தில் உப்பு உண்டா என்றுதான். விவசாயம் தெரிந்தவர்கள் அதைத்தான் கேட்பார்கள். வீட்டுக்கு இப்போது நிப்பா ஓலை மாற்றி, முன்பக்கத் தட்டி இரண்டைப் புதிதாகக் கட்டினால் பார்வைக்குப் போதும். அதை நானும் அவளுமே செய்துவிடுவோம்.

வளைகுடாச் சேற்றில் இந்த வருஷமும் குட்டிப் பறவைகள் வந்து இறங்கிவிட்டனவாம். கரண்டி மாதிரி அலகு உள்ள உள்ளானைப் பார்க்கத் தொலைநோக்கியோடு ஆட்கள் வருவார்களே, அது ரஷ்யாவின் வடகிழக்குக் கோடியிலிருந்து வருகிறது என்று சின்ன வயதில் நீதான் எனக்குச் சொன்னாய். வளைகுடாவை 2017-இல் ஈரநிலங்களைக் காக்கிற ராம்சார் பட்டியலில் சேர்த்தார்கள். அதே வளைகுடா கிழக்கே கரையைத் தின்று கிராமம் கிராமமாக விழுங்கிக்கொண்டும் இருக்கிறது. இடம் பெயர்ந்து வந்த ஒரு குடும்பம் இப்போது மடத்துக்குப் பின்னால் தங்கியிருக்கிறது. அந்த அம்மா குளத்துக்கு வரும்போதெல்லாம் படியில் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருப்பாள். அவர்கள் ஊரிலும் இப்படி ஒரு குளம் இருந்ததாம். நாம் கடலிலிருந்து தள்ளி இருக்கிறோம், நமக்கு அந்தக் கதி இல்லை. நம் கரை நாம் பார்த்துக்கொள்ளக்கூடிய அளவுதான். ஆனால் நாம்தான் பார்க்க வேண்டும், வேறு யாரும் வந்து கட்டிக்கொடுக்கப் போவதில்லை.

இனி காரியத்தைச் சொல்கிறேன். முழுத்தொகையும் ஒரே தடவையில் வேண்டாம். பாதி தை மாதத்துக்குள் வந்தால் பலகைக்கு முன்பணம் கொடுத்துவிடலாம்; மீதி மாசியில் போதும். உனக்குக் கைக்கடன் வாங்கி அனுப்புகிற நிலை இருந்தால் வேண்டவே வேண்டாம், அதையும் ஒளிக்காமல் சொல். அப்போது வேறு வழி பார்ப்போம். அங்கே உன்னோடு வேலை செய்கிற கீழண்டைத் தெருப் பையனிடமும் பேசு. அவன் அம்மாவும் எழுதச் சொன்னார், அவருக்குத் தமிழ் வராது, எனக்குப் பர்மிய எழுத்து அவ்வளவாக ஓடாது, அதனால் உன் வழியாகத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

பணம் பிறகு வந்தாலும் பதில் மட்டும் சீக்கிரம் வேண்டும். அறுப்பு முடிந்த கையோடு உளுந்து விதைத்துவிடுவார்கள். பேக்கோ கரையோரமாக வருவதாக இருந்தால் அதன் தடத்துக்கு வயல் ஓரத்தில் பத்தடி விதைக்காமல் விட வேண்டும். நம் வயல்தான் மதகை ஒட்டி இருப்பது, முதலில் நாம் விட்டால்தான் அடுத்தவர்களும் விடுவார்கள். அப்பா அந்தத் தெற்கு வயலில் அடுத்த வாரக் கடைசியில் விதைக்கப் போகிறார். கடிதம் கிடைத்ததும் தங்கச்சியின் போனுக்கு "ஓரம் விடு" என்று இரண்டு சொல் அனுப்பு. அவள் என்னிடம் சொல்லிவிடுவாள்.

நேரத்துக்குச் சாப்பிடு. மழையில் நனையாதே.

அன்புடன்,
அம்மா